ப்ரகாலியா மாதிரி அசைவைப் படம் பிடித்தால் வெறும் கலங்கல்தான் வருகிறது, எங்கே தப்பு?

அரைநொடி (கேள்வி):

அன்டோன் ஜூலியோ ப்ரகாலியாவும் தம்பி ஆர்துரோவும் 1911 முதல் 1913 வரை ரோமில் எடுத்த ஃபோட்டோடைனமிசப் படங்களை (அசைவின் ஓட்டத்தை ஒரே படத்தில் காட்டுபவை) பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி. தலை தாழ்த்தி வணக்கம் சொல்பவர், தட்டச்சு செய்பவரின் விரல்கள், கன்னத்தில் விழும் அறை என்று எதை எடுத்துக்கொண்டாலும் அசைவின் தொடக்கமும் முடிவும் உருவமாகத் தெரிகின்றன. நடுவே புகையை இழுத்துவிட்ட மாதிரி ஓர் ஓட்டம். அந்தப் புகையிலும் முகத்தின் சாயல் இருக்கிறது.

அதே மாதிரி முயன்றதில் வருவது இது. கேமரா ட்ரைபாடில், 50 மி.மீ. லென்ஸ், எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1 நொடி. கூரையில் இரண்டு எல்இடி விளக்குகள், பின்னால் வெளிர்மஞ்சள் சுவர். நாற்காலியிலிருந்து ஒருவர் எழுகிறார். நாற்காலி பளிச்சென்று விழுகிறது, பாதமும் சரி. இடுப்புக்கு மேலே ஆளையே காணோம், சுவர்தான் தெரிகிறது. கையை மட்டும் வீசினால் கை வீசியதற்கான தடயமே இல்லை. ஷட்டரை கால் நொடியாகக் குறைத்தால் கை நடுங்கி எடுத்த படம் போல ஆகிவிடுகிறது. ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி வரிகள் வேறு.

ஷட்டர் எவ்வளவு வைக்க வேண்டும்? ஃப்ளாஷ் தேவையா? அவர்கள் ஒரே தகட்டில் பலமுறை எக்ஸ்போஸ் செய்தார்களா?

கருந்திரை:

ஷட்டரை விடுங்க, முதல் குற்றவாளி சுவர். ஒரு சின்னக் கணக்கு போட்டால் தெரிஞ்சிடும்.

உள்ளங்கை அகலம் சுமார் 8 செ.மீ. அது 1 நொடியில் 80 செ.மீ. தூரம் போகுதுன்னு வைங்க. அப்போ அந்தப் பாதையில் எந்த ஒரு புள்ளியையும் கை மறைச்சிருப்பது 0.1 நொடிதான். மீதி 0.9 நொடி அந்தப் புள்ளியில் சென்சார் பார்ப்பது சுவரை. தோல் தன்மேல் விழும் ஒளியில் 30 சதவீதத்தைத் திருப்பி அனுப்புது, வெளிர்மஞ்சள் சுவர் 70 சதவீதம் அனுப்புதுன்னு எடுத்துப்போம். கை போன பாதையில் சேர்வது 3 + 63 = 66. கை போகாத இடத்தில் 70. இந்த 4 புள்ளி வித்தியாசத்தைக் கண் பிடிக்காது. கை அழியலை, சுவர் அதை விழுங்கிடுச்சு.

சரி, கறுப்புத் துணி மாட்டிடலாம்னு பலரும் ஆளுக்குப் பின்னால் ஒட்டினாப்போலவே மாட்டுவாங்க. கறுப்புத் துணியும் 4 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்பும். இப்போ கணக்கு: கையின் பாதையில் 3 + 3.6 = 6.6, மத்த இடத்தில் 4. முக்கால் ஸ்டாப்கூட (ஒளி ரெண்டு மடங்கானா ஒரு ஸ்டாப்) வித்தியாசம் வரலை. சாம்பல் மேல சாம்பல்.

துணியை 3 மீட்டர் பின்னால் தள்ளுங்க, விளக்கை ஆளுக்கு 1 மீட்டர் பக்கத்தில் கொண்டு வாங்க. விளக்கிலிருந்து துணிக்கு 4 மீட்டர். தூரம் நாலு மடங்கானால் ஒளி பதினாறில் ஒரு பங்கு. துணியிலிருந்து வருவது இப்போ 0.25. கையின் பாதையில் சுமார் 3.2. பதிமூணு மடங்கு, கிட்டத்தட்ட 3.7 ஸ்டாப். இப்போதான் புகை தெரியும்.

விளக்கைப் பக்கவாட்டில் வெச்சு, துணிப் பக்கம் ஒளி போகாமல் ஒரு கறுப்பு அட்டையால் மறைச்சா இன்னும் நல்லது. கூரை விளக்கு ரெண்டையும் அணைச்சிடுங்க. அது துணிக்கும் ஆளுக்கும் சமமா ஒளி கொடுக்குது, மேலே போட்ட கணக்கையே கெடுத்துடும்.

துணி வெல்வெட்டா இருக்கட்டும். மினுக்கும் பாலியஸ்டர் வேண்டாம். மடிப்பு மடிப்பா பளபளக்கும், அந்த வரிகள் முகத்தின் ஊடே தெரியும்.

பழையதகடு:

ஒளி விஷயத்தைக் கருந்திரை சொல்லிவிட்டார். பலமுறை எக்ஸ்போஷர் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இதில் ப்ரகாலியா எதை எதிர்த்தார் என்பது தெரிந்தால் எதைச் செய்யக் கூடாது என்பதும் விளங்கும்.

அவருக்கு முன்னால் அசைவைப் படமாக்கியவர்கள் இருவர். மைபிரிட்ஜ் 1878இல் கலிஃபோர்னியாவில் வரிசையாகக் கேமராக்களை வைத்துக் குதிரையின் ஓட்டத்தைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்தார். பாரிஸில் எத்தியென் ஜூல் மாரே 1882இல் நொடிக்கு 12 படம் எடுக்கும் துப்பாக்கி வடிவக் கேமராவைச் செய்தார். பிறகு துளையிட்ட சுழல்தட்டை வைத்து ஒரே தகட்டில் பல உருவங்களைப் பதித்தார். கறுப்புப் பின்னணி மாரேயின் பழைய உத்திதான். உடம்பே மறையும்படி ஆளுக்குக் கறுப்பு உடை போட்டு, கைகால் நெடுக வெள்ளைப் பட்டை ஒட்டி, கோடுகளை மட்டும் பதிவு செய்ததும் அவரே. அவர் உடலியல் ஆய்வாளர், அவருக்கு வேண்டியது அளவு. படத்தின் மேல் அளவுகோல் வைக்க முடிய வேண்டும்.

ப்ரகாலியாவின் புகார், மாரேயின் படத்தில் இரண்டு நிலைகளுக்கு நடுவே இருப்பது காணாமல் போகிறது என்பது. கால் இங்கே இருந்தது, அடுத்து அங்கே இருந்தது, சரி. இங்கிருந்து அங்கே போனது எங்கே? இதை அவர் கடிகாரத்தோடு ஒப்பிட்டார். மாரேயின் முறை பெரிய பிரிவுகளை மட்டும் குறித்த கடிகாரம், சினிமா நிமிடங்களையும் குறித்தது, தன்னுடையது நொடிகளையும் நொடிக்கு நொடி நடுவே ஓடுவதையும் குறித்தது என்றார். நொடிப்பொழுதில் எடுக்கும் ஸ்னாப்ஷாட் அவருக்கு அறவே பிடிக்காது. ஓடுகிறவனை அந்தரத்தில் ஒற்றைக் காலில் உறைய வைப்பது ஓட்டத்தைக் கொல்வது என்பதே அவர் வாதம்.

அதனால் விட்டுவிட்டு எரியும் ஸ்ட்ரோப் விளக்கில் பத்துப் பதினைந்து உருவங்களை அடுக்கினால் அழகான படம் கிடைக்கலாம். ஆனால் அது மாரேயின் வழி. பின்னாளில் அமெரிக்கப் பொறியாளர் எட்ஜெர்ட்டன் அதை எங்கோ கொண்டுபோனார். ப்ரகாலியாவின் படத்துக்கு அடிப்படை, ஷட்டர் திறந்தபடி இருக்க, இடையறாத ஒளியில் உடம்பு நகர்வது.

அவருடைய நூல் 1913இல் 16 படங்களோடு ரோமில் வெளிவந்தது. வேகத்தைப் போற்றிய ஃப்யூச்சரிசக் கலை இயக்கத்தைத் தொடங்கிய மரினெட்டி பண உதவியும் செய்தார். ஆனால் ஃப்யூச்சரிச ஓவியர்களுக்கு, முக்கியமாக உம்பெர்த்தோ பொச்சோனிக்கு, ஓவியத்தின் அசைவை ஒரு கேமராவோடு சேர்த்துப் பேசுவதே கசந்தது. 1913 அக்டோபர் 1 'லாச்செர்பா' இதழில் ஃபோட்டோடைனமிசத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்ற பொருளில் அறிவிப்பு வந்தது. கையெழுத்திட்டவர்களில் ஜாக்கொமோ பாலாவும் ஒருவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் சங்கிலியில் கட்டிய நாயின் கால்களை விசிறி போல விரித்து வரைந்திருந்தார்! அந்த ஓவியத்தின் முன்னால் பாலாவை நிறுத்தி ப்ரகாலியா எடுத்த படமும் இருக்கிறது. புகைப்படத்துக்கென்று ஃப்யூச்சரிச அறிக்கை வர 1930 ஆனது, மரினெட்டியும் தாத்தோவும் எழுதியது. ப்ரகாலியா அதற்குள் சினிமா, நாடகம் என்று போய்விட்டார்.

திரைமுனை:

இவ்வளவு சிரமம் எதற்கு? ரியர் கர்ட்டன் சிங்கில் ஒரு ஃப்ளாஷ் போட்டால் முடிந்தது. 1 நொடி ஷட்டர், ஆள் நகர்வார், ஷட்டர் மூடும் தறுவாயில் ஃப்ளாஷ் அடிக்கும், கடைசி நிலை கூர்மையாக விழும், பின்னால் ஓட்டம் தொடரும். ஃப்ளாஷ் அளவை சூழொளிக்கு ஒரு ஸ்டாப் கீழே வைத்தால் போதும்.

மெத்ரோனோம்:

திரைமுனை, நடனப் படத்துக்கு அது சரி. இங்கே கேட்டதற்கு அது ஒத்துவராது. ஃப்ளாஷ் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் அடித்துப் போகிறது, மயிர்க்கால்கூடக் கூர்மையாக விழும். பார்ப்பவர் கண் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும், ஓட்டம் அதற்கு வால் ஆகிவிடும். பழையதகடு சொன்ன உறைந்த கணம் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ரகாலியா படங்களில் முகம் தெரிகிற இடத்திலும் கத்தி மாதிரிக் கூர்மை இல்லை. அது உடம்பு சற்றுத் தயங்கியதால் வந்த தெளிவு.

அரைநொடி கேட்ட ஷட்டர் கேள்விக்கு விடை இந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது. அளக்க வேண்டியது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை அல்ல. உடம்பு எங்கே எவ்வளவு நேரம் நின்றது, எங்கே கடந்து போனது என்பதைத்தான். எல்லா நேரமும் ஒரே வேகத்தில் நகர்ந்தால் எந்த இடமும் உருவமாகாது.

தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 120இல் வையுங்கள். ஒரு தட்டுக்கு அரை நொடி. முதல் தட்டு முழுக்க அசையாமல் இருக்க வேண்டும். இரண்டாவது தட்டில் நகர்வு முழுவதும் முடிய வேண்டும். மூன்றாவது தட்டில் மறுபடி அசையாமல். ஆக ஷட்டர் 1.5 நொடி. கேமராவில் 1.6 தான் இருக்கிறது என்றால் அதுவும் சரி.

தலை அகலம் 16 செ.மீ., அது பக்கவாட்டில் 48 செ.மீ. நகர்கிறது என்று கொள்வோம். அரை நொடியில் 48 செ.மீ. என்றால் நடுப்பாதையில் ஒவ்வொரு புள்ளியையும் தலை ஆறில் ஒரு நொடி மறைக்கும். நின்ற இடத்தில் அரை நொடி. மூன்றுக்கு ஒன்று, ஓட்டம் முகத்தைவிட ஒன்றரை ஸ்டாப் சொச்சம் மங்கல். இந்த விகிதம்தான் வேண்டும். இதே நகர்வை 2 நொடி இழுத்தால் ஒவ்வொரு புள்ளியிலும் 0.67 நொடி, நின்ற நேரத்தைவிட அதிகம். ஓட்டம் முகத்தின் மேல் ஏறி உட்கார்ந்து அதை மூழ்கடித்துவிடும். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் மெதுவாக நகர்வதுதான் தவறு. மெதுவாக நகர்ந்தால் நிறையத் தெரியும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. நடுவில் மூன்றாவதாக ஒரு முகச்சாயல் வேண்டுமானால் எட்டில் ஒரு நொடி தயங்கினால் போதும், முழுதாக நிற்க வேண்டாம்.

அடுத்தது மீட்டர். கேமரா மீட்டர் 1.5 நொடி முழுக்க ஆள் அங்கேயே இருப்பதாக நினைத்துக் கணக்குச் சொல்லும். முகத்துக்குக் கிடைப்பது அரை நொடிதான். ஆகவே ஷட்டரை அரை நொடியில் வைத்து முகத்துக்கு ஸ்பாட் மீட்டர் (ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளப்பது) பாருங்கள். எஃப் 5.6 என்று வந்தால் எஃப் 5.6ஐ அப்படியே மேனுவலில் பூட்டிவிட்டு ஷட்டரை மட்டும் 1.5 ஆக்குங்கள். 'ஒன்றரை ஸ்டாப் ஓவர்' என்று கேமரா கத்தும், கத்தட்டும். பின்னணி கறுப்பாக இருக்கும் வரை அங்கே வெளுக்க ஒன்றும் இல்லை.

லென்ஸுக்கு நேரே வரும் அசைவைத் தவிர்த்துவிடுங்கள். கேமராவை நோக்கிக் குனிந்தால் தலை பெரிதாகிக்கொண்டே வந்து ஒன்றின் மேல் ஒன்று விழும், வெறும் உருண்டை மேகம்தான் மிஞ்சும். சென்சாருக்கு இணையான தளத்தில், இடம் வலமாகவோ மேல் கீழாகவோ வளைந்து போகும் அசைவே வாசிக்கக் கிடைக்கும். ப்ரகாலியா தேர்ந்தெடுத்த செயல்களைப் பாருங்கள்: வணங்குவது, அறைவது, வில்லை இழுப்பது, ரம்பம் அறுப்பது. எல்லாவற்றிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. போய்த் திரும்பும் இடத்தில் உடம்பு தானாகவே ஒரு கணம் நிற்கும், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். செல்லோ வாசிப்பவரின் வில் இரண்டு முனையிலும் திசை மாறுகிறதல்லவா, அந்த இரண்டு முனைகளும் அடர்ந்து விழும். முதல் முயற்சிக்கு நடப்பது, ஓடுவது வேண்டாம்.

அரைநொடி:

வெல்வெட் 3 மீட்டர் பின்னால், பக்கவாட்டில் ஒரே ஒரு எல்இடி பேனல், 1.5 நொடி. இரண்டு முகமும் நடுவே ஓட்டமும் கிடைத்துவிட்டன, இருவருக்கும் நன்றி. மூன்று சிக்கல் பாக்கி. மர நாற்காலி வெளுத்துப்போகிறது. கறுப்புச் சட்டை போட்டதால் கை தனியாகவும் தலை தனியாகவும் மிதக்கின்றன. சீப்புப் பல் இன்னும் போகவில்லை, கை வேகமாகப் போகும் இடத்தில் தெளிவாகவே எண்ணலாம்.

கருந்திரை:

நாற்காலி முழு 1.5 நொடியும் நிக்குது, முகம் அரை நொடிதான் நிக்குது. அதான் நாற்காலிக்கு ஒன்றரை ஸ்டாப் கூட. அதன் மேலே கறுப்புத் துணி போர்த்துங்க, இல்லைன்னா ஃப்ரேமை இடுப்புக்கு மேலே வெட்டிடுங்க. மேசை மேல வெள்ளைக் காகிதம், வெள்ளைக் கோப்பை எதுவும் வேண்டாம்.

சட்டைக்கு நடுத்தரச் சாம்பல்தான் சரி. கறுப்பு போட்டா மாரேயோட ஆய்வுக்கூடம் ஆயிடும், வெள்ளை போட்டா சட்டை ஓட்டமே முகத்தை மூடிடும். தோலைவிட ஒரு ஸ்டாப் கருமையா இருக்கிற துணி எடுங்க. இதில் ஒரு வேடிக்கை இருக்கு. நகரும் திசையிலேயே ஓடும் கோடுகள் அழியாது, குறுக்கே ஓடும் கோடுகள் கரைஞ்சிடும். கை பக்கவாட்டில் போகுதுன்னா, கையைச் சுத்தி வளையமா கோடு போட்ட சட்டைக்கை போகும் வழியெல்லாம் நூல் நூலா இழுத்துக்கிட்டே போகும். சட்டைக்கை முனையில் வெள்ளைப் பட்டை அரை அங்குலம் தெரிஞ்சா அது ஒரு பளிச் வில்லா விழும்.

மோதிரம், கண்ணாடி ஃப்ரேம், கடிகாரம் இதெல்லாம் தெரிஞ்சு பயன்படுத்தணும். ஒளியை நேரா அடிச்சுத் திருப்பும் புள்ளிங்கிறதால ஆறில் ஒரு நொடியிலேயே முழு வெள்ளையா பதிஞ்சிடும். ஒரு மோதிரம் அழகான கோடு போடும். ரெண்டு மோதிரமும் கடிகாரமும் சேர்ந்தா நூல்கண்டு சிக்கின மாதிரி ஆயிடும்.

மெத்ரோனோம்:

சீப்புப் பல்லுக்குக் காரணம் விளக்கு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால், ஒளியைச் சமன்படுத்தாத எல்இடி நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 120 முறை. கை நொடிக்கு 80 செ.மீ. வேகத்தில் போனால் 100 ஹெர்ட்ஸில் 8 மி.மீ.க்கு ஒரு பல். கேட்காமலே ஸ்ட்ரோப் ஆகிவிட்டது. பேனலை மங்க வைத்திருந்தால் இன்னும் மோசம், பல மலிவுப் பேனல்கள் விட்டுவிட்டு எரிந்துதான் ஒளியைக் குறைக்கின்றன.

சோதிக்க எளிய வழி: கறுப்புத் துணிக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பேனாவை வேகமாக ஆட்டிக் கண்ணாலேயே பாருங்கள். விசிறி போல் வழவழவென்று தெரிந்தால் விளக்கு நல்லது. தனித்தனிப் பேனாக்களாகத் தெரிந்தால் அதை மாற்றுங்கள். பேனலை 100 சதவீதத்தில் எரியவிட்டு, ஒளி அதிகமென்றால் தள்ளி வைக்காமல் லென்ஸில் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள் (தள்ளினால் துணியின் 16 மடங்குக் கணக்கு போய்விடும்). ஹாலஜனில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, இழை அவ்வளவு சீக்கிரம் ஆறாது. எல்லாவற்றையும்விட நல்லது நேர்வெயில் படாத ஜன்னல். பக்கவாட்டில் ஒரே ஜன்னல், மற்றவை மூடல். ஒளி கூடினால் 3 ஸ்டாப் என்டி போதும்.

மென்பொருளில் செய்ய நினைப்பவர்களுக்கும் இதே கதைதான். நொடிக்கு 25 ஃப்ரேம் வீடியோவை 1/50 ஷட்டரில் எடுத்து அடுக்கினால் பாதி நேரம் ஷட்டர் மூடியே இருந்திருக்கும், படிப்படியாகத் தெரியும். 1/25இல் எடுத்தால் இடைவெளி அநேகமாக இராது. அடுக்கும்போது சராசரி முறை ஒற்றை நீண்ட எக்ஸ்போஷருக்குச் சமம். 'லைட்டன்' முறையில் எது அதிக வெளிச்சமோ அது மட்டும் நிற்கும், நின்ற இடமும் கடந்த இடமும் சமமாகப் பளிச்சிடும். தயக்கத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடு போய்விடும். எனக்கு அது பிடிப்பதில்லை.

பழையதகடு:

ஃபிலிமில் எடுப்பவர்களுக்கு இரண்டு வரி. ஒன்றரை நொடிக்கு ரெசிப்ராசிட்டி (நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிமின் உணர்திறன் குறைவது) பற்றிக் கவலைப்பட வேண்டாம். எஃப்பி4 பிளஸ் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு இல்ஃபோர்டு நிறுவனம் சொல்லும் அடுக்கு 1.26, அதன்படி 1.5 நொடி சுமார் 1.7 ஆகிறது, கால் ஸ்டாப்கூட இல்லை. கவனிக்க வேண்டியது வேறு. ஓட்டம் முகத்தைவிட ஒன்றரை ஸ்டாப் கீழே விழுவதால் நெகட்டிவில் நிழல் பகுதிக்குப் போய்விடும், அங்கே வேறுபாடுகள் நசுங்கும். முகத்துக்கு அரை முதல் ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுங்கள், டெவலப்பிங் நேரத்தைக் கூட்ட வேண்டாம். கூட்டினால் முகம் வெளுக்கும், ஓட்டம் எழும்பாது.

அக்காலத் தகடுகள் பெரும்பாலும் சிவப்பை உணராதவை. அந்தத் தோல் நிறமும் கருத்த உதடும் வேண்டுமானால் இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸ் இருக்கிறது: பகல் ஒளியில் ஐஎஸ்ஓ 80, இழை விளக்கில் 40. ஹாலஜனில் எடுக்கும்போது இந்த ஒரு ஸ்டாப் இழப்பை மறந்துவிட்டால் முதலில் காணாமல் போவது ஓட்டம்தான்.